ஒன்பது பேர் குடியரசு

அவருடைய பெயரைச் சொல்லப்போவதில்லை. ரகசியம் ஒன்றுமில்லை. நம்மூர்ப் பெயர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆள் உள்ளே நுழைவதற்கு முன்பே அவை நுழைந்து, இன்னார் எந்த வரிசையில் உட்கார வேண்டியவர் என்று காட்டிக்கொடுத்துவிடும். பெயரைச் சொன்னால் நீங்களும் அவரை ஓர் ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் மீதியைப் படிப்பீர்கள். அவர் எந்தப் பக்கம் என்பது தேவைப்படும்போது தானாக வெளியே வரும். வராமல் எங்கே போகும்?

இப்போதைக்கு அவர் ஃபோர்மேன். ஷார்ஜா தொழில்பேட்டையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்து மாட்டும் கம்பெனியில் அவருக்கு அதுதான் வேலை. ஃபிளாட்டில் அதுதான் பெயர். நான் அதே கம்பெனியில் விலைப்புள்ளி தட்டச்சு செய்பவன். நிறையப் படித்தவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதைப் பரப்பியவனும் நான்தான்.

ஃபோர்மேனின் சட்டைப்பையில், பேனா இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும். கண்ணாடிக் குழாய்க்குள் பச்சைத் திரவம், அதில் ஒரு குமிழி. குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றால் பலகை சரிமட்டம் என்று அர்த்தம். வேலைக்கு என்று வாங்கியதை அவர் வாழ்க்கைக்கும் எடுத்துக்கொண்டுவிட்டார். வீட்டுக்குள் வந்ததும் டீவியின் தலையில் வைத்துப் பார்ப்பார். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்ப்பார். ஒருமுறை அரிசி மூட்டையின் மேல் வைத்துப் பார்த்ததை என் கண்ணால் பார்த்தேன். நெய்மீன் வாங்கினால் துண்டு போடுவது அவர்தான். தலை ஒன்றுதானே, அதை எப்படிப் பங்கு போடுவார் என்று நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார். போன தடவை தலை யார் தட்டில் விழுந்தது என்பது அவருக்கு நினைவிருக்கும்.

"கொஞ்சம் சாஞ்சிருந்தாத்தான் என்ன ஃபோர்மேன்? குடியா முழுகிடும்?" என்று ஒருநாள் கேட்டேன். ஒரு மருந்துக்கடைப் பலகையை நான்காவது தடவையாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"சாஞ்சது சாஞ்ச பக்கமே போவும் மக்கா. நீ மாட்டிட்டு எறங்கிருவ. ரோட்டுல போறவன் பூரா தலையச் சாச்சுப் பாப்பான். கொஞ்ச நாள்ல தலையச் சாச்சவனுக்குப் பலக நேரா தெரியும், நேரா நிக்கவன் கோணலாத் தெரிவான். அதுக்கப்புறம் யாரு வந்து சரி செய்ய?"

இதை அவர் பலகையைப் பற்றித்தான் சொன்னார். பெரிய பெரிய அர்த்தங்களைக் கண்டுபிடிப்பது என்னைப் போன்றவர்களின் வியாதி.

எங்கள் ஃபிளாட்டில் மூன்று அறைகள், ஒன்பது ஆட்கள். ஒன்பது பேரும் தமிழர்கள். அதனால் ஒற்றுமைக்குக் குறைவில்லை என்று நம்பியிருந்தோம். கீழ்மாடிக்காரர்களோடு தண்ணீருக்குத் தகராறு வரும்போது நாங்கள் ஒரே இனமாகப் படியிறங்கிப் போவோம். சண்டை முடிந்து மேலே வந்து கதவைச் சாத்தியதும் பழையபடி ஒன்பது பேர். அது ஒன்றும் மோசமான ஏற்பாடு அல்ல. கட்டில்களுக்கு ஜன்னலோரக் கட்டில், ஏசிக்குக் கீழே உள்ள கட்டில், குறட்டைக்காரர் பக்கத்துக் கட்டில் என்று பெயர்கள் இருந்தன. மனிதர்களையும் ஏறக்குறைய அப்படித்தான் அடையாளம் வைத்திருந்தோம்.

பிறகு அந்தப் பானை வந்தது. கார்த்திகை மாதம். எங்களில் ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். ஊருக்குப் போய்க் கிளம்பும்வரை தனக்கென்று ஒரு சின்னப் பானை வைத்து, அதில் மட்டும் சமைத்துச் சாப்பிட்டுவந்தார். ஒருநாள் டியூட்டி முடிந்து வந்து மூடியைத் திறந்தால் உள்ளே கோழிக்கால். யாரோ அவசரத்தில் வேகவைத்திருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் ஓர் ஆளோடு முடிந்திருக்கும். தெரியாததால் ஒரு கூட்டத்தின் மேல் போய் விழுந்தது. எந்தக் கூட்டம் என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. மாலை போட்டவர் முஸ்லிம்களைப் பார்த்தார். முஸ்லிம்கள், தாங்கள் ஹலால் இல்லாத கோழியைத் தொடுவதில்லை, எலும்பைப் பார்த்தால் இது ஹலால் முத்திரையை நம்ப முடியாத உறைந்த கோழி மாதிரி இருக்கிறது என்று கிறிஸ்தவர்களைப் பார்த்தார்கள். கிறிஸ்தவர்கள், இந்துக்களிலேயே கோழி தின்னாதவர் யார் என்று எங்களைப் பார்த்தார்கள். அன்றுதான் முதல்முதலாக ஃபிளாட்டில் தலைகள் எண்ணப்பட்டன. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, இன்னொரு பக்கம் மூன்று. அத்தனை காலமாக இந்தக் கணக்கு எங்கள் நடுவில் படுத்துத் தூங்கியிருக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை.

ஃபோர்மேனால் இதைத் தாங்க முடியவில்லை. சாப்பிடும்போது பேச்சு நின்றுபோயிருந்தது. அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு அவரவர் மூலைக்குப் போனார்கள். அவர் நடுக்கூடத்தில் நின்று, சரியாக ஒட்டாத எழுத்தைப் பார்ப்பதுபோல் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் கம்பெனியின் புராஜெக்ட் மேனேஜர் லெபனான்காரர். நல்ல மனிதர், சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டே பிடிப்பார். ஃபோர்மேன் ஒருநாள் பட்டறையில் வைத்து அவரிடம் பானை விவகாரத்தைச் சொன்னார். அரபியில் கொஞ்சம், ஆங்கிலத்தில் கொஞ்சம், பம்பாயைக் கண்ணால் பார்க்காதவர்கள் பேசும் இந்தியில் மீதி. மேனேஜர் பூராவும் கேட்டுவிட்டு மூன்று விரல்களை நீட்டினார்.

"எங்க ஊர்ல இதுக்கு வழி இருக்கு. ஜனாதிபதி கிறிஸ்தவர், அதுலயும் மரோனைட். பிரதமர் சுன்னி. சபாநாயகர் ஷியா. நாற்காலி எல்லாம் பங்கு. இன்ன நாற்காலி இன்னாருக்கு. கலாஸ், முடிஞ்சுது."

"அப்போ சண்ட கெடையாதா?"

"சண்டை போட்டுத்தானே பங்கு பிரிச்சோம். பங்கு பிரிச்சும் சண்டை போட்டோம். அது வேற விஷயம்."

அந்த வேறு விஷயத்தையும் அவர் சொன்னார். அவர் ஒரு பிரிவு, மனைவி வேறு பிரிவு. அவர்கள் நாட்டில் கல்யாணம் என்பது மதகுருமார்களின் கையில். பிரிவு விட்டுப் பிரிவு, எந்தப் பக்கமும் மாறாமல் கல்யாணம் செய்ய வழி கிடையாது. இரண்டு பேரும் விமானம் ஏறி சைப்ரஸ் தீவுக்குப் போய், யாரோ ஓர் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. அதை அப்பாவின் பிரிவில் எழுதிக்கொண்டார்கள்.

"என் மாமியார் இன்னும் அழுவாங்க. பேத்தி கிடைச்சதுக்கு சந்தோஷம்தான். ஆனா அவங்க பக்கத்துல ஓர் ஆள் குறைஞ்சுபோச்சாம்."

நான் இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், எங்கேயாவது எழுத உதவும் என்று. ஃபோர்மேன் கேட்கவில்லை. மூன்று விரலோடு அவருடைய காது மூடிக்கொண்டது. ஒரு பிளைவுட் துண்டில் பென்சிலால் கட்டம் போட ஆரம்பித்திருந்தார். மூன்று அறை, அறைக்கு மூன்று கட்டில்.

அந்த வாரக் கடைசியில் டீயும் பருப்பு வடையும் வாங்கி வைத்து எங்களுக்கு அரசியலமைப்பை அறிவித்தார். அறைக்கு ஒரு இந்து, ஒரு முஸ்லிம், ஒரு கிறிஸ்தவர். ஒருவரும் தன் ஆட்களோடு தனியாக அடைந்துகொள்ளக் கூடாது. சமையலறைப் பொறுப்பு முஸ்லிம்களுக்கு. அவர்கள் வாங்கிச் சமைக்கும் கறியை எல்லோரும் சாப்பிடலாம் என்பதால். ஃப்ரிட்ஜும் வைஃபை பாஸ்வேர்டும் கிறிஸ்தவர்களுக்கு. ஃபிளாட் லீடர் பதவி இந்துக்களுக்கு. படித்தவன் என்ற பெயரின் பலனாக அது என் தலையில் வந்து விழுந்தது. லீடரின் அதிகாரம், ஏசி ஓடாவிட்டால் வாட்ச்மேனுக்குப் போன் செய்வது. உண்மையான அரசாங்கம் வைஃபை பாஸ்வேர்டு வைத்திருப்பவர்தான் என்பது எங்களுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது.

கடைசி விதி ஒன்று இருந்தது. யாராவது விசா முடிந்து போனால், அந்தக் கட்டிலுக்கு அதே பக்கத்து ஆள்தான் வரவேண்டும்.

"சரிமட்டம் வந்தாப் போதும். சண்ட தானா நிக்கும்," என்றார். தனக்கென்று எந்தப் பதவியும் எடுத்துக்கொள்ளவில்லை.

நம்ப மாட்டீர்கள், நின்றது. சமையல் பொறுப்பு காக்காவிடம் போயிற்று. காக்கா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன். கடலோரத்து மரைக்காயர் வீட்டு மனிதர், மளிகைக்கடை வைத்திருந்தவர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். சோறு நன்றாக இருந்தது. அந்த வருடம் ரமலான் நோன்பும் தவக்காலமும் ஒன்றாகவே வந்தன. பகலில் ஃபிளாட்டில் பாதிப் பேர் பட்டினி, மாலையில் மொத்தப் பேரும் ஒரே அண்டாவைச் சுற்றி உட்கார்ந்து நோன்புக் கஞ்சி குடித்தோம். எந்த நோன்பும் இல்லாத நான்தான் இரண்டாவது கிண்ணத்துக்கு முதலில் கை நீட்டுவேன். ஃபோர்மேன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கிண்ணத்திலும் எத்தனை கறித்துண்டு விழுகிறது என்று பார்ப்பார். வெள்ளிக்கிழமைகளில் அவருக்குக் கறி கிடையாது. தன் பங்குத் துண்டை அன்று யாருக்குப் போடுவது என்பதிலும் ஒரு முறை வைத்திருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

அதில் ஒருநாள் லெபனான் மேனேஜரைக் கஞ்சிக்கு அழைத்தோம். வந்தார், குடித்தார், சுவரில் மாட்டியிருந்த பிளைவுட் கட்டத்தைப் பார்த்தார். என்ன என்று கேட்டு, ஃபோர்மேன் விளக்க விளக்க, மனிதர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி. குப்பை யார் எடுக்கிறது?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். சமையலறைக் கதவுக்குப் பின்னால் கறுப்புப் பைகள் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. பதவிகளைப் பங்கு வைத்திருந்தோம், குப்பையை வைக்கவில்லை. அது யார் பங்கிலும் இல்லாததால், யார் எடுத்தாலும் அவர் பக்கம் தாழ்ந்துபோனதாக ஆகிவிடும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தோம்.

"எங்க ஊர்லயும் அதுதான் முதல்ல நாறிச்சு," என்றார் மேனேஜர். போகும்போது இரண்டு பைகளை அவரே தூக்கிக்கொண்டு போனார்.

சுகமான நாட்களிலும் எனக்கு ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. சண்டை இல்லை, ஆனால் மறதியும் இல்லை. முன்பெல்லாம் யாராவது பல் தேய்க்க அதிக நேரம் எடுத்தால் 'அந்தச் சோம்பேறி' என்போம். இப்போது 'அவங்க ஆளு' என்றோம். ஜன்னலோரக் கட்டில் என்ற பெயர் போய், 'உங்க பெட்', 'எங்க பெட்' என்று ஆயிற்று. ஏசியை யாராவது இரண்டு புள்ளி குறைத்தால், குளிர் யார் பக்கத்துக்கு லாபம் என்று யோசிக்க ஆரம்பித்தோம். என் பங்குக்கு, ஒரு கிரிக்கெட் மேட்சின் நடுவில் யார் எந்தப் பந்துக்குக் கைதட்டுகிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்ததை நானே கண்டுபிடித்தேன். மேட்ச் எந்த இரண்டு நாட்டுக்கு நடுவில் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஃபோர்மேன் மட்டும் கைதட்டவே மாட்டார். இரண்டு பக்கமும் டிராவானால் நல்லது என்பது அவர் கொள்கை.

எங்கள் அறையில் மூன்று பேர்: ஃபோர்மேன், நான், செல்போன் கடையில் வேலை பார்த்த ஒரு முஸ்லிம் பையன். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஊரோடு போய்விட்டான். கட்டில் காலியானது. விதிப்படி அது காக்கா பக்கத்துக் கட்டில், அவர்கள்தான் ஆள் பிடிக்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லை. மெத்தையைச் சுற்றி பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தார்கள்.

அப்போதுதான் ஃபோர்மேனின் தம்பி வந்தார்.

அவருக்குத் தம்பி இருப்பதே எங்களுக்குத் தெரியாது. ஓமான் நாட்டில், சோஹார் துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்க்கும் வேலை. கம்பெனியை மூடிவிட்டார்கள். விசிட் விசாவில் பஸ் ஏறி ஷார்ஜா வந்திருக்கிறார். விசா முடிவதற்குள் வேலை கிடைத்தால் தங்கலாம், கிடைக்காவிட்டால் ஊர். ஃபோர்மேன் அவரைப் பட்டறையில் பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கும் அறையில் படுக்க வைத்திருந்தார். கோடைக்காலம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. முதலாளிக்குத் தெரிந்தால் ஃபோர்மேனுக்கும் வேலை போய்விடும். தம்பி காலையில் எழுந்து பெயிண்ட் வாசனையோடு இன்டர்வியூவுக்குப் போய், அதே வாசனையோடு திரும்பி வந்தார்.

"நம்ம ரூம்லயே ஒரு பெட் காலியாக் கெடக்கே ஃபோர்மேன்," என்றேன்.

"அது அவங்க பெட்டு."

"கேட்டா தர மாட்டாங்களா?"

"நான் கேக்கப்பிடாது மக்கா. சட்டம் போட்டவனே சொந்தத் தம்பிக்காவ வந்து நின்னா நல்லாவா இருக்கு? நீ லீடர்லா, சும்மா பேச்சுவாக்குல கேட்டுப் பாரு."

லீடர் பதவி ஏற்று நான் செய்த ஒரே ராஜாங்கக் காரியம் அது. முதலில் காக்காவிடம் போனேன். காக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கென்ன தம்பி? ராஜாவா வந்து படுக்கட்டும். ஃபோர்மேன் தம்பின்னா நமக்கும் தம்பிதானே. ஆனா நம்மாளுஹ ஒத்துக்கணுமே."

"உங்காளுங்கன்னா யாரு காக்கா? அந்தப் பையன் போனதுக்கப்புறம் நீங்களும் அத்தர் கடைக்காரரும் ரெண்டே பேருதான் இருக்கீங்க."

"அதைத்தான் சொல்றேன். அவர் வருத்தப்படுவார்."

அத்தர் கடைக்காரரிடம் போனேன். "எனக்கு ஒண்ணுமே இல்லண்ணே," என்றார் அவர். "ஆனா காக்கா பெரிய மனுஷர். நாளைக்கு நம்ம பெட்ட விட்டுக்கொடுத்தான்னு என்னையச் சொல்லிருவார்."

எங்கள் பக்கத்துக்கு வந்தேன். மாலை போட்டவர் எனக்கு மறுப்பே இல்லை என்றார். ஆனால் இன்று அவர்களுக்கு நான்கு என்று ஆனால், நாளைக்கு நமக்கு ஏன் மூன்று என்று நம்மாட்கள் கேட்பார்களே என்றார். நம்மாட்கள் என்றால் அவர், நான், இன்னொருவர். அந்த இன்னொருவர், உங்கள் இரண்டு பேருக்கும் சம்மதமென்றால் சரி என்றார். இவ்வளவு நல்ல உள்ளம் படைத்தவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்து நான் பார்த்ததில்லை. தனித்தனியாகக் கேட்டால் எட்டுப் பேரும் தம்பியைத் தோளில் தூக்கிவந்து படுக்க வைப்பார்கள். தேசம், இனம், சமூக ஒப்பந்தம் என்று நான் மாய்ந்து மாய்ந்து படித்த தடிமனான புத்தகங்கள் எதிலும் இந்த 'எனக்கு ஒண்ணுமில்ல' என்பதைப் பற்றி ஓர் அத்தியாயம் இல்லை.

நான் திரும்பிவந்து சொன்னதை ஃபோர்மேன் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. அவருக்கு வழி ஒன்று தோன்றியிருந்தது.

"செரி. என் பெட்ட அவனுக்குக் குடுக்கேன். அது எங்க பங்கு பெட்டு. ஆளும் எங்க ஆளு. யாருக்கு என்ன நஷ்டம்? நான் பட்டறையில படுத்துக்கிடுதேன்."

அழகான யோசனை. எந்தப் பக்கமும் சாயாது. ஒரே ஒரு மனிதர் வெளியே போக வேண்டும், அவ்வளவுதான்.

இனி மறைத்துப் பயனில்லை. ஃபோர்மேன் குமரிக் கடற்கரைக்காரர், கத்தோலிக்கர். ஃபிளாட்டின் கிறிஸ்தவர்களில் இன்னொருவர் தூத்துக்குடிக்காரர், ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். வைஃபை பாஸ்வேர்டு அவர் கையில். தம்பியைச் சாயங்காலம் ஃபிளாட்டுக்கு அழைத்து வந்தபோது லேப் டெக்னீஷியன் அவரோடு இரண்டு வார்த்தை பேசினார். ஊர், எந்தக் கோயில் பங்கு, பங்குச்சாமியார் பெயர் என்று சாதாரணமாக விசாரித்தார். பேசிவிட்டு ஃபோர்மேனைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் எங்கள் எல்லோருக்கும் கேட்கிற தூரத்தில்.

"உங்க தம்பி சபைக்காரர்லாண்ணே. பெந்தெகொஸ்தே."

"ஆமா. பொண்ணு கெட்டுன எடத்துல மாறிட்டான்."

"எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அவர் நம்ம கணக்குல எப்படி வருவாரு? மாதாவையே கும்புட மாட்டாரு. ஏற்கெனவே ஒரு சி.எஸ்.ஐ.காரர நம்ம மூணுல ஒண்ணுன்னு வச்சுருக்கு. இவரும் வந்தா நம்மாள்னு நான் ஒருத்தன்தான மிச்சம்?"

ஃபோர்மேன் பேசவில்லை. அவர் ஏன் பேசவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது, தம்பி சொல்லி. தம்பி ஞானஸ்நானம் எடுத்த அன்று ஃபோர்மேன் லீவில் ஊரில்தான் இருந்திருக்கிறார், போகவில்லை. அதற்குப் பிறகு தம்பி வீட்டில் கை நனைத்ததில்லை. போன் பேச்சும் நின்றுபோயிற்று. சோஹாரிலிருந்து, "அண்ணே, வேல போயிட்டு, வரட்டுமா?" என்று கேட்டதுதான் பல வருடங்களுக்குப் பிறகு முதல் பேச்சு. "வா. படுக்க எடம் இருக்கு," என்று சொல்லியிருக்கிறார் இவர். எட்டு அந்நியர்களை ஒரு அண்டாவைச் சுற்றி உட்கார வைத்தவர், அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஃபிளாட் பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கடைசியில் வைத்தால் அதுதான் முக்கியம் என்று ஆகிவிடும். அந்தக் கோடை முடிவதற்குள் கலைந்தது. பெரிய சண்டை எதுவும் இல்லை. அவரவர் ஆட்களோடு அவரவர் வேறு ஃபிளாட் பார்த்துக்கொண்டோம். நான் இப்போது இருக்கும் இடத்தில் எல்லோரும் 'நம்மாட்கள்'. எங்களுக்குள் மேலும் நான்கு பக்கங்கள் இருப்பதாகப் போன மாதம்தான் கண்டுபிடித்தோம். தம்பிக்கு விசா முடியப்போகிற நேரத்தில் அஜ்மானில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்தது. ஃபோர்மேன் கம்பெனியை விட்டு அவரோடு போய்விட்டார். எனக்கு ஒரு தடவை போன் செய்தார், இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஒரு ரூமு. நானும் அவனும்," என்றார்.

எனக்கு மறக்காதது, லேப் டெக்னீஷியன் பேசியதற்கு மறுநாள்.

கோடையில் வெயில் உச்சியில் இருக்கும் நேரம் வெளிவேலையை நிறுத்திவிடுவார்கள். பலகை மாட்டப் போனவர்களும், அளவு குறிக்கக் கூடப் போகும் நானும் ஃபிளாட்டுக்கு வந்து சற்று நேரம் படுப்போம். அன்று நான் கதவைத் திறந்தபோது, வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள நடைபாதையில், தரையில் ஒரு பெட்ஷீட்டை விரித்துத் தம்பி படுத்திருந்தார். இன்டர்வியூ சட்டை கசங்காமல் கதவுக் கைப்பிடியில் தொங்கியது. நடைபாதை எந்தப் பங்கிலும் இல்லை. பிளைவுட் கட்டத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. தம்பி அதைக் கண்டுபிடித்துவிட்டார். துறைமுகத்தில் வேலை செய்தவர்களுக்கு எது யாருடைய எல்லை என்று தெரியும்போல.

பக்கத்தில், அதே பெட்ஷீட்டில், ஃபோர்மேன் படுத்திருந்தார்.

தன் கட்டிலைத் தம்பிக்கு என்று கொடுத்துவிட்டார். கொடுத்ததைத் திரும்ப எடுக்க மாட்டார். லேப் டெக்னீஷியன் சொன்ன கணக்கு தம்பியை அதில் படுக்க விடவில்லை. ஆகவே எங்கள் அறையில் இரண்டு கட்டில்கள் காலி. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. குளிர் காற்று காலிக் கட்டில்களின் மேல் வீசிக்கொண்டிருந்தது. நடைபாதையில் ஏசி கிடையாது.

"உள்ள வந்து படுங்க ஃபோர்மேன்," என்றேன்.

"இங்க நல்லாத்தான் இருக்கு. நீ போய்ப் படு."

போய்ப் படுக்க முடியவில்லை. தண்ணீர் குடிக்க வந்தேன், அவர்களைத் தாண்டினேன். பாத்ரூமுக்குப் போனேன், தாண்டினேன். வேறு யாரும் சும்மா படுத்திருக்கவில்லை. லேப் டெக்னீஷியன் அன்று லீவு. ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து மூடினார். அத்தர் கடைக்காரர் இல்லாத உப்பைத் தேடினார். தாண்டும் ஒவ்வொருவரும் "சாரி" என்றோம். அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரி, வலது கையை நெற்றியில் போட்டு, மேலே பார்த்துப் படுத்திருந்தார்கள்.

கடைசியில் காக்கா சமையலறையிலிருந்து வந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்கள் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்தார்.

"என்னா இது ஃபோர்மேனே, சின்னப்புள்ளைங்க மாதிரி? உள்ள ரெண்டு பெட்டு சும்மா கெடக்கு. எழும்புங்கோ. தம்பி, நீங்களும் எழும்புங்கோ வாப்பா. எங்க பெட்டுல போய்ப் படுங்கோ. நான் சொல்றேன்."

எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது. லேப் டெக்னீஷியன் ஃப்ரிட்ஜை மூடினார். தம்பி முழங்கையை ஊன்றி எழப்போனார்.

ஃபோர்மேன் கையை நெற்றியிலிருந்து எடுக்காமல் கேட்டார்.

"காக்கா, இத நீரு சொல்லுதீரா, உங்காளுவ சொல்லுதாவளா?"

குரலில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். மட்டம் பார்க்கிற குரல்.

காக்கா வாயைத் திறந்தார். சமையலறை வாசலில் நின்ற அத்தர் கடைக்காரரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் லேப் டெக்னீஷியனைப் பார்த்தேன். அவர் மூடிய ஃப்ரிட்ஜைப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் மறுப்பு இல்லை. எல்லோரும் சம்மதத்தோடுதான் நின்றோம், மற்றவரின் சம்மதத்துக்காக.

"ஒரு நிமிஷம் இருங்கோ," என்றார் காக்கா, முழங்காலில் கையை ஊன்றி எழுந்துகொண்டே. "கேட்டுட்டு வந்துர்றேன்."

அவர் உள்ளே போவதற்கு வழிவிட்டு, தம்பி கால்களை மடக்கிக்கொண்டார்.